வாலஸ் ப்ரோக்கர்: கடல் கார்பனும் காலநிலை மாற்றமும்

வாலஸ் ஸ்மித் ப்ரோக்கர் (நவம்பர் 29, 1931 – பிப்ரவரி 18, 2019) அமெரிக்கப் புவி வேதியியலாளர், காலநிலை ஆய்வாளர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அதன் லாமாண்ட்-டோஹர்ட்டி புவி ஆய்வகத்திலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். வளிமண்டலத்துக்கும் கடலுக்கும் இடையில் கார்பன் எவ்வளவு வேகத்தில் இடம் மாறுகிறது என்பதை அளந்த முன்னோடிகளில் ஒருவர். உலகக் கடல்களின் நீர்ச்சுழற்சியை ஒரு பெரிய 'கன்வேயர்' பட்டையாக உருவகித்து விளக்கினார். 'புவி வெப்பமடைதல்' என்ற தொடர் அறிவியல் உலகில் பரவ 1975-ல் அவர் எழுதிய கட்டுரை முக்கியக் காரணமாக அமைந்தது.

பிறப்பு, கல்வி

ப்ரோக்கர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அந்நகரை ஒட்டியுள்ள ஓக் பார்க்கில் வளர்ந்தார். மதப்பற்று மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், அதே பின்னணி கொண்ட வீட்டன் கல்லூரியில் சேர்ந்தார். 1952 கோடை விடுமுறையில் லாமாண்ட் ஆய்வகத்துக்குப் பயிற்சிப் பணிக்காக வந்தார். லாரன்ஸ் கல்ப் அங்கே கதிரியக்கக் கார்பன் ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்திவந்தார். ப்ரோக்கர் அங்கேயே தங்கிவிட்டார். கொலம்பியாவுக்கு மாறி 1953-ல் இளங்கலைப் பட்டமும் 1958-ல் முனைவர் பட்டமும் பெற்றார். 1959-ல் அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியரானார். இறக்கும்வரை லாமாண்ட் ஆய்வகத்துடனான தொடர்பு நீடித்தது.

ப்ரோக்கருக்கு வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா என்னும் குறைபாடு இருந்தது. அவர் கணினியைப் பயன்படுத்தவில்லை. தன் கட்டுரைகளையும் நூல்களையும் தாளில் பென்சிலால் எழுதினார். ஏறத்தாழ 500 ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் வெளிவந்துள்ளன. உடன் பணியாற்றியவர்களும் மாணவர்களும் அவரை 'வாலி' என்றே அழைத்தனர்.

ஆய்வின் பின்னணி

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு புவியைச் சூடாக்கும் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முன்வைக்கப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அறிவியலாளர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடல் அந்த வாயுவை உள்வாங்கிவிடும் என்று நம்பினர். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. இன்று வளிமண்டலத்தில் உள்ள கார்பனைப் போல ஏறத்தாழ 40 முதல் 50 மடங்கு கார்பன் கடலில் உள்ளது. அவ்வளவு பெரிய கொள்கலனில் மனிதர் சேர்ப்பது ஒரு சிறு துளி என்று தோன்றியது.

1957-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் இருவரும் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. அது ஆண்டுதோறும் உயர்வதைக் கீலிங்கின் அளவீடுகள் காட்டின. ஆகவே கடல் முழுவதையும் ஏற்கவில்லை என்பது உறுதியாயிற்று.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுந்தன. கடல் எவ்வளவு ஏற்கும் என்பது முதல் கேள்வி. எவ்வளவு காலத்தில் ஏற்கும் என்பது இரண்டாவது. ஏரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வாய்க்காலில் நீர் வரும் வேகத்தைப் பொறுத்தே அது நிரம்பும். கடலின் கொள்ளளவு ஏரி என்றால், கடற்பரப்பில் நிகழும் வாயுப் பரிமாற்றமும் ஆழத்தை நோக்கிச் செல்லும் நீரோட்டமும் அதன் வாய்க்கால்கள். ப்ரோக்கரின் கடலாய்வு பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

கடல்நீரில் கார்பன்

கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைப் போல வெறுமனே நீரில் கரைந்து நிற்பதில்லை. கடல்நீருடன் வினைபுரிந்து வடிவம் மாறுகிறது. கடலில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் ஏறத்தாழ 90 விழுக்காடு பைகார்பனேட்டாகவும், எஞ்சியதில் பெரும்பகுதி கார்பனேட்டாகவும் உள்ளது. கரைந்த வாயுவாகவே இருப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்.

காற்றிலிருந்து புதிதாக நுழையும் கார்பன் டை ஆக்சைடு, நீரிலுள்ள கார்பனேட்டுடன் சேர்ந்து பைகார்பனேட்டாகிறது. இந்த வினையே கடலின் உறிஞ்சும் திறனுக்கு அடிப்படை. ஆனால் மேற்பரப்பு நீரில் கார்பனேட்டின் அளவு குறைவு. அதனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 10 விழுக்காடு உயர்ந்தால், மேற்பரப்பு நீரில் கரைந்துள்ள மொத்தக் கார்பன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே உயர்கிறது. இந்த விகிதம் ரெவெலின் பெயரால் 'ரெவெல் காரணி' எனப்படுகிறது. கடல் மேலும் மேலும் கார்பனை ஏற்கும்போது கார்பனேட் குறைகிறது. அடுத்து வருவதை ஏற்கும் திறனும் அதனுடன் குறைகிறது.

மேற்பரப்பு நீர் இவ்வாறு விரைவில் தன் எல்லையை எட்டிவிடும். அதன் பின் அந்த நீர் கீழே சென்று, ஆழத்திலிருந்து பழைய நீர் மேலே வந்தால்தான் கடல் தொடர்ந்து கார்பனை ஏற்க முடியும். ஆனால் கடலின் பெரும்பகுதியில் சூடான இலேசான நீர் மேலேயும் குளிர்ந்த கனமான நீர் கீழேயும் அடுக்காக நிற்கின்றன. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேற்பரப்பு நீர் அடி ஆழம்வரை மூழ்குவது வட அட்லாண்டிக்கின் வடபகுதியிலும் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள சில இடங்களிலும் மட்டுமே.

ஆழ்நீரின் வயது

ஆழ்கடல் நீர் எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதை அறிய ப்ரோக்கர் பயன்படுத்திய முதன்மைக் கருவி கார்பன்-14. விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் இந்தக் கதிரியக்கக் கார்பனை உருவாக்குகின்றன. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். நீர் கடற்பரப்பில் இருக்கும்போது காற்றிலிருந்து கார்பன்-14 அதில் சேர்கிறது. மூழ்கிய பின் புதிய வரவு நின்றுவிடுகிறது. உள்ளது மட்டும் சீராகச் சிதைந்துகொண்டே போகிறது. ஆகவே ஆழ்நீரில் எஞ்சியிருக்கும் கார்பன்-14-ன் அளவு, அந்த நீர் மேற்பரப்பைவிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் காட்டும் கடிகாரமாகிறது. மூழ்கும்போதே மேற்பரப்பு நீரில் கார்பன்-14 சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். வெவ்வேறு வயதுள்ள நீர்கள் ஒன்றோடொன்று கலக்கவும் செய்கின்றன. எனவே கடிகாரத்தை நேரடியாகப் படிக்க முடியாது. இந்தத் திருத்தங்களைச் செய்வது ப்ரோக்கரின் ஆய்வில் பெரும் பகுதியாக இருந்தது.

இத்தகைய அளவீடுகள் அட்லாண்டிக்கின் ஆழ்நீர் ஒப்பீட்டளவில் இளமையானது, வட பசிபிக்கின் ஆழ்நீரே மிகப் பழையது என்பதைக் காட்டின. வட பசிபிக்கின் ஆழ்நீர் காற்றைத் தொட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது மேற்பரப்பைவிட்டு இறங்கியது தொழிற்புரட்சிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன். தொழிற்சாலைகளும் வாகனங்களும் வெளியிட்ட கார்பன் அதைப் பெரும்பாலும் இன்னும் எட்டவில்லை. கடலில் இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்குக் கார்பன் சென்றுசேர நூற்றாண்டுகள் தேவை என்பதே இதன் பொருள்.

வாயுப் பரிமாற்ற வேகம்

காற்றிலிருந்து கடற்பரப்புக்குள் வாயு நுழையும் வேகத்தை அளப்பது தனிச் சிக்கல். ப்ரோக்கரும் அவரது நீண்டகாலக் கூட்டாளி சுங்-ஹங் பெங்கும் இதற்கு ரேடான் என்ற வாயுவைப் பயன்படுத்தினர். கடல்நீரில் இயற்கையாகவே மிகச் சிறிதளவு ரேடியம் கரைந்துள்ளது. அது சிதைந்து ரேடானாகிறது. ரேடானின் அரை ஆயுள் ஏறத்தாழ 3.8 நாட்கள். மூடிய கொள்கலனில் உள்ள நீரில் ரேடான் உண்டாகும் வேகமும் சிதையும் வேகமும் விரைவில் சமமாகிவிடும். கடற்பரப்பிலோ ரேடானின் ஒரு பகுதி காற்றில் தப்பிவிடுகிறது. அதனால் மேற்பரப்பு நீரில் இருக்கவேண்டிய அளவைவிட ரேடான் குறைவாக உள்ளது. அந்தக் குறைவை அளந்தால் கடல் எவ்வளவு வேகமாக மூச்சுவிடுகிறது என்பது தெரியும். அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடின் பரிமாற்ற வேகத்தையும் கணக்கிடலாம்.

இன்னொரு அளவுகோல் அணுகுண்டுச் சோதனைகளால் கிடைத்தது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட சோதனைகள் காற்றிலுள்ள கார்பன்-14-ன் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின. 1963-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பின் இத்தகைய சோதனைகள் பெருமளவு குறைந்தன. குறுகிய காலத்தில் சேர்ந்த அந்தக் கதிரியக்கக் கார்பன், நீரில் கலந்த சாயம்போல ஆயிற்று. அது கடலுக்குள் எவ்வளவு புகுந்தது, எவ்வளவு ஆழம் சென்றது என்பதைப் பின்தொடர்ந்து, தொழில் யுகக் கார்பன் செல்லும் பாதையை மதிப்பிட முடிந்தது.

ஜியோசெக்ஸ் ஆய்வுப் பயணங்கள்

1970-களில் நடந்த ஜியோசெக்ஸ் திட்டம் உலகக் கடல்களின் வேதியியலை ஒரே முறையில் அளந்த முதல் பெரும் முயற்சி. ப்ரோக்கர், ஹார்மன் கிரெய்க், கார்ல் டுரேக்கியன் முதலியோர் அதை வழிநடத்தினர். ஆய்வுக் கப்பல்கள் 1972–73-ல் அட்லாண்டிக்கிலும், 1973–74-ல் பசிபிக்கிலும், 1977–78-ல் இந்தியப் பெருங்கடலிலும் பயணம் செய்தன. ஒவ்வொரு நிலையத்திலும் கடற்பரப்பிலிருந்து அடித்தரைவரை வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுக்கப்பட்டது. வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆக்சிஜன், ஊட்டச்சத்துகள், கரைந்த கார்பன், காரத்தன்மை, கார்பன்-14, ட்ரிட்டியம் ஆகியவை அளக்கப்பட்டன.

இந்த அளவீடுகளின் அடிப்படையில் ப்ரோக்கரும் பெங்கும் எழுதிய 'டிரேசர்ஸ் இன் தி சீ' 1982-ல் வெளிவந்தது. கடல் வேதியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அது அடிப்படைப் பாடநூலாக இருந்தது.

1979-ல் ப்ரோக்கர், டாரோ டகஹாஷி, ஜேம்ஸ் சிம்ப்சன், பெங் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் புதைபடிவ எரிபொருள் கார்பனின் வரவுசெலவுக் கணக்கை ஆராய்ந்து எழுதினர். காடழிப்பால் வெளியேறும் கார்பன் எரிபொருள் கார்பனுக்கு இணையானது என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. கடல் ஏற்கும் அளவு பற்றிய மதிப்பீடுகள் நம்பகமானவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று அவர்கள் காட்டினர். நிலத் தாவரங்கள் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும் வாதிட்டனர். கடலின் பங்கைச் சரியாக அறிந்தால்தான் நிலத்தின் பங்கைக் கணிக்க முடியும் என்பதை இக்கட்டுரை நிறுவியது. உலகக் கார்பன் கணக்குகள் இன்றும் இதே அணுகுமுறையைப் பின்பற்றுகின்றன.

1975 கட்டுரை

1975 ஆகஸ்ட் 8 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியான ப்ரோக்கரின் கட்டுரை, புவி கடுமையாக வெப்பமடையும் கட்டத்தின் விளிம்பில் இருக்கிறோமா என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டிருந்தது. அப்போது சில பத்தாண்டுகளாக உலகச் சராசரி வெப்பநிலை உயராமல் சற்றுக் குறைந்திருந்தது. புவி குளிர்கிறதா என்ற விவாதமும் நடந்தது. இயற்கையான ஒரு குளிர்ச்சிச் சுழற்சி, கார்பன் டை ஆக்சைடால் ஏற்படும் வெப்பத்தைத் தற்காலிகமாக மறைக்கிறது என்றார் ப்ரோக்கர். அச்சுழற்சி விரைவில் திரும்பும், பின்னர் வெப்பம் வேகமாக உயரும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடந்த ஆயிரம் ஆண்டுகளின் எல்லையை அது தாண்டும் என்று முன்கணித்தார். அடுத்த ஆண்டிலிருந்து வெப்பநிலை உயரத் தொடங்கியது.

முன்கணிப்பு பெரும்பாலும் பலித்தது. ஆனால் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று நிலைக்கவில்லை. கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி பனிக்கட்டி மாதிரியில் தெரிந்த சுழற்சியை அவர் உலகம் முழுமைக்கும் பொருத்தியிருந்தார். பின்னர் எடுக்கப்பட்ட பிற பனிக்கட்டி மாதிரிகளில் அச்சுழற்சி தென்படவில்லை. இதில் தனக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்று ப்ரோக்கர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

'புவி வெப்பமடைதல்' என்ற தொடரை உருவாக்கியவர் என்ற பெருமையையும் அவர் விரும்பவில்லை. அத்தொடர் 1957-லேயே அமெரிக்க நாளிதழ் ஒன்றில் பயன்படுத்தப்பட்டிருந்தது.

கடலின் கன்வேயர்

1980-களின் தொடக்கத்தில் கிடைத்த பனிக்கட்டி ஆய்வுகள் புதிய புதிர் ஒன்றை எழுப்பின. பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தபோது, பனியுகத்தின் உச்சத்தில் வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 180 முதல் 200 பங்காகவும், பனியுகம் முடிந்தபின் 260 முதல் 280 பங்காகவும் இருந்தது தெரிந்தது. இந்த வேறுபாட்டை விளக்கும் அளவுக்குக் கார்பனை ஒளித்துவைக்கக்கூடிய இடம் கடல் மட்டுமே. கடலிலுள்ள பாஸ்பரஸ் ஊட்டச்சத்தின் அளவு மாறியதே காரணம் என்று 1982-ல் ப்ரோக்கர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பிந்தைய சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. எனினும் பனியுகக் கார்பனைக் கடலில் தேடவேண்டும் என்ற வழி நிலைபெற்றது.

1984-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் ஓஷ்கர் நிகழ்த்திய உரையை ப்ரோக்கர் கேட்டார். கிரீன்லாந்தின் வெப்பநிலை பனியுகத்தில் மீண்டும் மீண்டும் திடீரெனத் தாவியதை ஓஷ்கர் விளக்கினார். வட அட்லாண்டிக்கில் நீர் மூழ்குவது நின்றும் மீண்டும் தொடங்கியும் இத்தகைய தாவல்களை ஏற்படுத்தியிருக்கலாம் என்ற எண்ணம் ப்ரோக்கருக்கு எழுந்தது. டோரதி பெட்டீட், டேவிட் ரிண்ட் ஆகியோருடன் 1985-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1987-ல் 'நேச்சுரல் ஹிஸ்டரி' இதழில் வெளியான கட்டுரையுடன் வந்த கன்வேயர் படம் உலகப் புகழ் பெற்றது.

கன்வேயர் இயங்கும் முறை இது. வெப்பமண்டல அட்லாண்டிக்கின் சூடான, உப்பு மிகுந்த நீர் வடக்கே செல்கிறது. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பகுதிகளில் அது காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்கிறது. உப்பும் குளிரும் சேர்ந்து அதைக் கனமாக்குவதால் ஆழத்துக்கு மூழ்குகிறது. மூழ்கிய நீர் தெற்கு நோக்கிச் சென்று, அண்டார்டிகாவைச் சுற்றிய நீரோட்டத்துடன் கலந்து, இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் பரவுகிறது. பின்னர் மெல்ல மேலெழுந்து மேற்பரப்பு வழியாக அட்லாண்டிக்குக்குத் திரும்புகிறது. மூழ்கும் நீரின் அளவு ஏறத்தாழ நூறு அமேசான் நதிகளுக்குச் சமம் என்று ப்ரோக்கர் விளக்கினார். இந்த நீர் வெப்பத்தை வடக்கே கொண்டு செல்கிறது, மூழ்கும்போது கார்பனையும் ஆழத்துக்கு எடுத்துச் செல்கிறது.

ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் விலகிக்கொண்டிருந்தபோது, வட அட்லாண்டிக் பகுதி மீண்டும் கடுங்குளிருக்குள் சென்றது. யங்கர் டிரையாஸ் எனப்படும் அந்தக் காலம் ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. முடியும்போது கிரீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. வட அமெரிக்கப் பனிப்பாளங்கள் உருகிச் சேர்ந்த அகாசி என்ற பேரேரியின் நன்னீர் அட்லாண்டிக்கில் பாய்ந்து, கடல்நீரை இலேசாக்கி, கன்வேயரை நிறுத்தியது என்பது ப்ரோக்கர் தந்த விளக்கம். காலநிலை எப்போதும் சிறிது சிறிதாகவே மாறும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வுகள் அசைத்தன. கார்பன் டை ஆக்சைடைப் பெருக்குவது எதிர்பாராத திடீர் விளைவுகளைத் தரக்கூடும் என்று 1987-லும் 1997-லும் எழுதிய கட்டுரைகளில் அவர் எச்சரித்தார்.

இத்தகைய மாற்றங்கள் வட அட்லாண்டிக்கோடு நிற்பதில்லை. அட்லாண்டிக் நீர்ச்சுழற்சி நலிந்த காலங்களில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் நலிந்திருந்தது என்பதற்கு அரபிக் கடலின் அடிப்படிவுகளில் சான்றுகள் உள்ளன. வட கோளம் குளிரும்போது வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. மழைப்பட்டையின் இந்த இடப்பெயர்ச்சியை ப்ரோக்கர் தன் இறுதிக்கால ஆய்வுகளில் விரிவாக ஆராய்ந்தார்.

விமர்சனங்களும் திருத்தங்களும்

கன்வேயர் படம் கடலை மிகவும் எளிமைப்படுத்துகிறது என்று கடல் இயற்பியலாளர்கள் விமர்சித்தனர். நீர்ச்சுழற்சியை இயக்குவதில் காற்றுக்கும் அலைஏற்றத்துக்கும் பெரும் பங்கு உண்டு. நீர் ஒரே பட்டையாகச் செல்லாமல் சுழல்களாகவும் பல கிளைகளாகவும் செல்கிறது. அகாசி ஏரியின் வெள்ளம் கிழக்கு நோக்கிப் பாய்ந்ததற்கான தடயம் நிலத்தில் உறுதியாகக் கிடைக்கவில்லை. இதை 2006-ல் ப்ரோக்கரே ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வெள்ளம் வடக்கே ஆர்க்டிக் கடலுக்குச் சென்றிருக்கலாம் என்ற விளக்கம் பின்னர் முன்வைக்கப்பட்டது.

கன்வேயர் நின்றால் ஐரோப்பா மீண்டும் பனியுகத்துக்குள் செல்லும் என்ற மிகைப்படுத்தல்களையும் ப்ரோக்கர் மறுத்தார். பனியுகத்தில் இருந்த பெரும் பனிப்பாளங்களும் பரந்த கடற்பனியும் இன்று இல்லை என்பதால் விளைவும் அதே அளவில் இருக்காது என்றார்.

அட்லாண்டிக் நீர்ச்சுழற்சியை 2004 முதல் 26.5 பாகை வட அட்சரேகையில் நிறுவப்பட்ட கருவிகள் தொடர்ந்து அளந்துவருகின்றன. அங்கே சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர் நீர் கடக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2021 அறிக்கை, இச்சுழற்சி இந்த நூற்றாண்டில் நலிவடைவது மிகவும் சாத்தியம் என்கிறது. 2100-க்கு முன் அது திடீரென நின்றுவிடாது என்பதில் அறிக்கைக்கு நடுத்தர அளவு நம்பிக்கையே உள்ளது.

கடல் ஏற்கும் கார்பனின் விலை

இன்று மனிதச் செயல்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கிறது. இந்த உதவி இல்லாவிட்டால் வளிமண்டலம் இன்னும் வேகமாகச் சூடாகியிருக்கும். வளிமண்டலத்தில் இதன் அளவு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது.

கடலின் உதவி இலவசம் அல்ல. கார்பனை ஏற்கும் வினையிலேயே கடல்நீரின் அமிலத்தன்மை உயர்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்பு நீரின் சராசரி பிஎச் மதிப்பு ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-ஆகக் குறைந்துள்ளது. பிஎச் மடக்கை அளவுகோல் என்பதால், இந்தச் சிறிய எண் வேறுபாடு ஹைட்ரஜன் அயனிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்வைக் குறிக்கிறது. அதே வினையில் கார்பனேட் செலவாகிறது. பவளங்களும் சிப்பிகளும் சில மிதவை உயிரிகளும் தம் சுண்ணாம்பு ஓடுகளைக் கட்டுவதற்குத் தேவையானது அந்தக் கார்பனேட்தான். கடல் சூடாவதும் அதன் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. வெந்நீரில் வாயு குறைவாகவே கரையும். சூடான மேலடுக்கு ஆழ்நீருடன் கலப்பதும் கடினமாகிறது.

உமிழ்வு நின்ற பிறகும் கடல் கார்பனைத் தொடர்ந்து ஏற்கும். ஆனால் வளிமண்டலத்தில் சேர்ந்த கூடுதல் கார்பனின் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொள்ள பல நூற்றாண்டுகள் ஆகும். எஞ்சியதை அடித்தரையின் சுண்ணாம்புப் படிவுகளும் பாறைகளின் சிதைவும் நீக்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை.

கார்பனைப் பிடித்தல்

கடலின் வேகத்தை நம்பியிருக்க முடியாது என்பதை உணர்ந்த ப்ரோக்கர், பின்னாட்களில் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து பிரித்துப் புதைக்கும் முறைகளை ஆதரித்தார். காற்றிலிருந்து நேரடியாகக் கார்பனைப் பிடிக்கும் இயற்பியலாளர் கிளாஸ் லாக்னரின் திட்டத்தைப் பரப்பினார். ராபர்ட் கன்சிக்குடன் எழுதிய 'ஃபிக்ஸிங் கிளைமேட்' (2008) என்ற நூல் இதை விளக்குகிறது.

இதற்கு முன்பே ஒரு சிறிய உலகின் கார்பன் கணக்கை ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அமைந்த 'பயோஸ்ஃபியர் 2' என்ற மூடிய கண்ணாடிக் கூடத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் வாழ்ந்தனர். உள்ளே ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறைந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டன என்றால், அதற்கு ஈடான கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்திருக்க வேண்டும். அது காணவில்லை. ப்ரோக்கரின் மாணவர் ஜெஃப் செவரிங்ஹாஸ் இதை ஆராய்ந்து, கட்டடத்தின் கான்கிரீட் அந்த வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றியதைக் கண்டறிந்தார்.

கார்பனைக் கல்லாக்கும் இதே வேதியியல் ஐஸ்லாந்தின் 'கார்ப்ஃபிக்ஸ்' திட்டத்துக்கு அடிப்படை. அதைத் தொடங்கியவர்களில் ப்ரோக்கரும் ஒருவர். நீரில் கரைத்த கார்பன் டை ஆக்சைடு அங்கே எரிமலைப் பாறைக்குள் செலுத்தப்படுகிறது. முதற்கட்டச் சோதனையில் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கனிமமாக மாறியது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் உலகம் ஆண்டுதோறும் எரிபொருளால் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு 3,500 கோடி டன்னைத் தாண்டுகிறது. அதனுடன் ஒப்பிட்டால் இத்தகைய திட்டங்கள் புதைக்கும் அளவு மிகச் சிறியது.

விருதுகள், மறைவு

ப்ரோக்கர் 1987-ல் வெட்லசன் பரிசையும், 1996-ல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கத்தையும், 2006-ல் ஸ்வீடனின் கிராஃபோர்ட் பரிசையும், 2008-ல் பால்சான் பரிசையும் பெற்றார். 'தி கிரேட் ஓஷன் கன்வேயர்' என்ற அவரது நூல் 2010-ல் வெளிவந்தது.

2019 பிப்ரவரியில், மறைவுக்குச் சில நாட்களுக்கு முன், அரிசோனாவில் கூடிய அறிவியலாளர்களுக்கு ப்ரோக்கர் காணொளி வழியாகப் பேசினார். உலகம் உமிழ்வைப் போதிய வேகத்தில் குறைக்கவில்லை என்றார். சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துப் புவியைக் குளிர்விக்கும் முறைகளை, கடைசி வழி என்ற அளவிலேனும் ஆராய்ந்து வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் தன் 87-வது வயதில் காலமானார்.

மதிப்பீடு

ப்ரோக்கரின் கருதுகோள்கள் பல திருத்தப்பட்டன. சில கைவிடப்பட்டன, அவற்றுள் சிலவற்றை அவரே கைவிட்டார். நிலைத்து நிற்பவை அவரும் கூட்டாளிகளும் செய்த அளவீடுகளும், அவற்றிலிருந்து பெற்ற கால அளவுகளும். காற்று மேற்பரப்பு நீருடன் சமநிலை அடைய ஏறத்தாழ ஓர் ஆண்டு, ஆழ்கடல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், காலநிலை தாவுவதற்கு ஒரு சில பத்தாண்டுகள் ஆகிய மூன்றும் அவரது ஆய்வுத்துறை தந்த அடிப்படைக் கணக்குகள். கடல் கார்பனை ஏற்கும் வேகமும் மனிதர் அதை வெளியிடும் வேகமும் ஒத்துப்போகவில்லை என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன. உமிழ்வை எவ்வளவு விரைவாகக் குறைக்கவேண்டும் என்று இன்று கணிக்கும் கணினி மாதிரிகள் அனைத்தும் கடலின் இந்த வேகத்தைத் தம் அடிப்படைத் தரவுகளில் ஒன்றாகக் கொண்டுள்ளன.